நாற்சந்தியும் முட்டுச்சந்தும்

தேவகோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? போகாவிட்டாலும் பரவாயில்லை. வாருங்கள், கற்பனையில் ஒரு நடை போய்விட்டு வருவோம்.

பழைய நகரத்தார் வீடு ஒன்றின் முன்னால் நிற்கிறோம். படியேறினால் முகப்பு. இரண்டு பக்கமும் திண்ணை. நிலைக்கதவைத் தாண்டினால் பட்டாலை. அப்புறம் வானம் பார்த்த வளவு. அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி. ஒவ்வொரு வாசலும் அடுத்த வாசலுக்கு நேராக இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே 150 அடி, சில வீடுகளில் அதற்கும் மேல் நடந்து கடைசிக் கதவுக்கு வந்துவிட்டோம். திறந்தால் என்ன இருக்கும்? கொல்லை, கிணறு, நாலு வாழை மரம்... அப்படித்தானே நினைக்கிறீர்கள்?

அங்கே இருப்பது இன்னொரு தெரு!

முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். தேவகோட்டை, காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று செட்டிநாட்டு ஊர்களில் பெரிய வீடுகளெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான். சில தெருக்களில் ஒரு பக்கம் முழுக்க முகப்புகளாகவும், எதிர்ப்பக்கம் முழுக்கப் பின்வாசல்களாகவும் இருக்கும். புதிதாகப் போகிறவர் கொஞ்சம் குழம்பித்தான் போவார்.

இந்த வீடுகளைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர்... எல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்த சமாசாரம். அந்த வீடுகளை இப்படி வரிசையில் உட்கார வைத்த தெருவைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. நாம் பேசலாம்.

தேவகோட்டையின் பழைய பகுதியை மேலேயிருந்து பார்த்தால் கட்டம் போட்ட நோட்டு மாதிரி இருக்கும். ஒன்றுக்கொன்று இணையான நீளத் தெருக்கள். சில வீடுகளுக்கு ஒரு முறை ஒரு குறுக்குத் தெரு. இடையிடையே ஊரணிகள். சிலம்பணிப் பிள்ளையார், நகரச் சிவன் கோவில் என்று கோவில்கள். மழை குறைந்த சீமை இது. பெரிய ஆற்றை நம்ப வழியில்லை. ஓட்டுக் கூரையில் விழுந்த தண்ணீர் வளவில் இறங்கி, அங்கிருந்து தெரு வாய்க்காலுக்கு வந்து, ஊரணிக்குப் போய்ச் சேர வேண்டும். தெரு கோணலாக இருந்தாலோ எங்கேயாவது அடைத்துக்கொண்டு நின்றாலோ தண்ணீரும் அங்கேயே நின்றுவிடும். ஆக, இந்த ஊர்களின் தெரு மனிதர் நடக்க மட்டும் போட்டதல்ல, தண்ணீர் நடக்கவும் போட்டது.

முன்னோர்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் கடலிடம் ஊரைப் பறிகொடுத்தவர்கள், அதனால்தான் வீட்டை உயரத்தில் வைத்தார்கள், தண்ணீருக்கு முதலில் வழி விட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. வழிவழியாகச் சொல்லப்படுவது. கதை எப்படியோ, வழி விட்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் வரிசை. முதலில் தெரு, அப்புறம்தான் வீடு. 1852-ல் வெள்ளைக்காரன் கீழ் பர்மாவைப் பிடித்தான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி கூடியது. வயலுக்குக் கடன் கொடுக்கப் போன செட்டியார்கள் சம்பாதித்துக்கொண்டு திரும்பினார்கள். 1930-களின் பெருமந்தம் வரைக்கும் வீடு கட்டுவதில் போட்டா போட்டிதான். அந்தஸ்துக்குப் போட்டி போட்டு மாடி மேல் மாடி எழுப்பினார்கள், கோபுரம் வைத்தார்கள், லட்சுமி பொம்மைக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய் பொம்மையை நிற்க வைத்தார்கள். இவ்வளவு பணம் புழங்கிய இடத்தில் எவராவது தெருவில் பத்தடி எடுத்து முகப்பை நீட்டியிருக்கலாம் அல்லவா? பெரும்பாலும் செய்யவில்லை. தெருக்கோடு கோடாகவே நின்றது.

மதுரையில் கொஞ்சம் வேறு மாதிரி. மீனாட்சி கோவிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் சதுரம் சதுரமாக இருப்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு வெளியே கோட்டைச் சுவர், அகழி. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன், 'நெரிசல் தாங்கவில்லை, கோட்டையை இடித்துவிடலாம்' என்று முடிவெடுத்தார். இடிக்கப் பணம்? ஒரு யோசனை செய்தார். சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த நிலம்! ஜனங்கள் கடப்பாரையோடு இறங்கிவிட்டார்கள். ஆனால் அவரவர் இஷ்டத்துக்கு விடவில்லை. தெருவை அளந்து கோடு போட்டுக் கொடுக்க ஆள் வைத்தார். அப்படி வந்தவைதான் வெளி வீதிகள். வேலையை மேற்பார்த்தவர்கள் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்றைக்கும் இருக்கின்றன. ஊர் சுவரைத் தாண்டி வளர்ந்தபோது உள்ளே இருந்த சதுரத்தோடு இன்னொரு சதுரம் சேர்ந்துகொண்டது. பழைய தெருவில் புறப்பட்டவன் புதுத் தெருவுக்கு முட்டாமல் போக முடிந்தது.

சென்னை தியாகராய நகரும் அந்த வகைதான். 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாம்பலம் ஏரியை மூடி அந்தப் பேட்டையை உருவாக்கினார்கள். பனகல் பார்க்கும் அதிலிருந்து பிரியும் சாலைகளும் முதலில் காகிதத்தில் வந்தன. வீடுகள் பிறகு வந்தன. (ஏரியை மூடியது சரியா என்று கேட்டால், ஒவ்வொரு நவம்பர் மாதமும் அங்கே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள்.)

சரி, இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்?

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு நண்பர் வீடு கட்டிக் குடிபோனார். ஊர் பேர் வேண்டாம். ஊருக்கு வெளியே ஏதோ ஒரு நகர். ஆட்டோவில் போனேன். ஒரு தெருவின் கடைசியில் வண்டி நின்றுவிட்டது. எதிரே காம்பவுண்டுச் சுவர்.

"அந்தா தெரியுது பாருங்கண்ணே, பச்சைக் கலர் வீடு... அதான் நீங்க சொன்ன வீடு" என்றார் ஆட்டோக்காரர்.

"அப்புறம் ஏன் நின்னுட்டீங்க? போங்க."

"இந்தப் பக்கமா வழி இல்லண்ணே. திரும்ப மெயின் ரோட்டுக்குப் போயி, அடுத்த ஆர்ச்சுல நுழைஞ்சுதான் வரணும்."

"நடுவுல ஒரு சுவருதானே இருக்கு?"

"சுவரு இந்த நகர்க்காரங்களோடது. அந்தப் பக்கம் வேற ஆளு போட்ட பிளாட்டு."

நூறு தப்படியில் இருக்கிற வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றினோம். அங்கே போய்ப் பார்த்தால் நண்பரின் தெருவும் அதே சுவரில்தான் போய் முடிகிறது! முனையில் ஒரு குட்டிப் பிள்ளையார் வேறு. தெருக்குத்துக்குப் பரிகாரமாம்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸும் அதே ஒன்றரைக் கிலோமீட்டரைத்தான் சுற்ற வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் இருந்தால், நடந்து போக வேண்டிய பிள்ளை மெயின் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் மிதிக்கும். இல்லையென்றால் அப்பா ஸ்கூட்டரை எடுப்பார். நூறு வீட்டு அப்பாக்களும் எடுத்தால் காலை எட்டரை மணிக்கு அந்த ஆர்ச்சுக்குக் கீழே என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் இதற்கெல்லாம் எவ்வளவு அழகான சொற்கள் இருக்கின்றன பாருங்கள். மூன்று வழி சேர்ந்தால் முச்சந்தி. நான்கு சேர்ந்தால் நாற்சந்தி. எங்கேயும் சேராமல் நின்றால் முட்டுச்சந்து. ஒரு ஊரில் இவை ஒவ்வொன்றும் எத்தனை இருக்கிறது என்று எண்ணினாலே அந்த ஊரின் ஜாதகம் தெரிந்துவிடும். விளையாட்டாகச் சொல்லவில்லை. பேரிங்டன்-லீ, மில்லர்டு-பால் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார்கள். உலகம் முழுவதுமுள்ள தெருக்களைக் கம்ப்யூட்டர் வரைபடத்தில் எடுத்துக்கொண்டு, எத்தனை முட்டுச்சந்து, எத்தனை நாற்சந்தி, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு எவ்வளவு சுற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். 2020-ல் வெளியான அந்த ஆய்வின்படி, 1975-க்குப் பிறகு உலகின் பல பகுதிகளில் புதிதாகப் போட்ட தெருக்கள் முன்பிருந்ததைவிட ஒன்றோடொன்று சேராமல் கிடக்கின்றன.

இந்த நோய்க்கு அமெரிக்காவில் ஒரு பூர்வ கதை உண்டு. 1929-ல் நியூஜெர்சியில் ராட்பர்ன் என்ற ஊரைக் கட்டினார்கள். கார் பெருகிவிட்டது, தெருவில் பிள்ளைகள் அடிபடுகின்றன, அதனால் வீடுகளை முட்டுச்சந்துகளில் வைப்போம், வெளியாள் கார் உள்ளே வராது என்று யோசித்தார்கள். நல்ல எண்ணம்தான். முட்டுச்சந்துகளுக்குப் பின்னால் பூங்கா வழியே நடைபாதைகளையும் போட்டிருந்தார்கள். கார் போகாத இடத்தில் கால் போகலாம். பின்னால் வந்த வியாபாரிகள் அந்த முட்டுச்சந்தை மட்டும் காப்பியடித்தார்கள். நடைபாதையை விட்டுவிட்டார்கள்! வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தந்த அரசு அமைப்பும் 1930-களில் கட்டத் தெருவை விட வளைந்த தெருவும் முட்டுச்சந்துமே நல்லது என்று சொல்லிவிட்டது. கடன் கிடைக்கும் பக்கம்தானே கட்டடம் எழும்பும்? அதே ஆராய்ச்சியாளர்களின் முந்தைய ஆய்வு, அமெரிக்காவில் இந்தப் போக்கு 1994 வாக்கில் உச்சத்துக்குப் போய் அதற்கப்புறம் இறங்கத் தொடங்கியது என்கிறது. அவர்கள் இறங்கும்போது நாம் ஏறிக்கொண்டிருக்கிறோம்.

முட்டுச்சந்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு நிம்மதி உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சத்தம் இல்லை. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடலாம். அந்த நிம்மதிக்கு ஊரில் மற்றவர்கள் சுற்றிப் போய் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் சங்கடம். கட்டத் தெருவில் கணக்கு எளிது. குறுக்குத் தெருக்கள் நெருக்கமாக இருந்தால், நேர்க்கோட்டுத் தூரத்தைப் போல அதிகபட்சம் சுமார் 1.4 மடங்குதான் நடக்க வேண்டி வரும். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரம் 200 அடிக்கு ஒரு தெரு என்று கட்டம் போட்டது. நடப்பதற்கு வசதியான ஊர் என்று அதற்குப் பெரிய பெயர். 200 அடி என்பது நம் செட்டியார் ஒருவர் முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு நடக்கும் தூரத்துக்குப் பக்கம்தான்!

ஆனால் இந்தக் கட்டத் தெருக்கள் சொர்க்கம் என்று எண்ணிவிட வேண்டாம். வரைபடத்தில் திறந்து கிடந்த தெரு எல்லோருக்கும் திறந்து கிடக்கவில்லை. 1930 டிசம்பரில், தேவகோட்டை அன்று இருந்த ராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியார் தாழ்த்தப்பட்ட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அதைப் பதிவு செய்திருக்கிறார். வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது என்பதும் அதில் உண்டு. எவ்வளவு நேரான தெருவாக இருந்து என்ன? சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நடந்தவனுக்கு அது எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்? தேவகோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கண்டதேவியில், தேர் வடத்தை யார் பிடிப்பது என்ற தகராறு வெகுகாலம் நீண்டது. பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற அந்தத் தேர், நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது.

இனி, ஊர் வளர்ந்த கதைக்கு வருவோம். 1930-ல் காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு ரயில் வந்தது. தேவகோட்டைக்கு ஒரு ஸ்டேஷன் கிடைத்தது, ஆனால் ஊரில் இல்லை. பல கிலோமீட்டர் தள்ளி! பெயரே 'தேவகோட்டை ரோடு'. நம் நாட்டு ரயில்வேயில் ஒரு ஊர்ப்பெயருக்குப் பின்னால் 'ரோடு' என்று இருந்தால், இங்கே இறங்கி அந்த ஊருக்கு வண்டி பிடித்துப் போ என்று அர்த்தம். ஜனங்கள் அந்தப் பக்கத்தை 'தேவகோட்டை ரஸ்தா' என்கிறார்கள். ரஸ்தா என்றாலும் பாதைதான்.

ஜங்ஷனாகிவிட்ட காரைக்குடிக்கு யோகம் அடித்தது. அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி தொடங்கினார். அவர் கொடுத்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்தன. 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 2011 கணக்கெடுப்பில் காரைக்குடியில் 1 லட்சத்து 6 ஆயிரம் பேர், தேவகோட்டையில் சுமார் 52 ஆயிரம் பேர். 2024-ல் சுற்றியுள்ள பேரூராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு காரைக்குடி மாநகராட்சியாகிவிட்டது. கோர்ட்டும் ஜமீனும் பழைய பெருமையுமாக இருந்த தேவகோட்டை மெல்லத்தான் வளர்ந்தது.

மெல்ல வளர்ந்தாலும் எங்கே வளர்ந்தது என்று பாருங்கள். நடுவில் இருக்கும் பெரிய வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள். ஒருவர் சென்னை, ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் அமெரிக்கா. கல்யாணத்துக்கும் சாமி கும்பிடவும் திறப்பார்கள். பராமரிக்க முடியாதவர்கள் இடித்து, தூணையும் நிலையையும் விற்றுவிடுகிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் அந்தக் கதவுகள் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். ஊரின் நடுவே தெருவும் வாய்க்காலும் தயாராக இருக்கிற இடத்தில் ஆளில்லை. ஆள் போகிற இடத்தில் தெரு இல்லை. காரைக்குடி சாலை, ராமநாதபுரம் போகும் சாலை என்று நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு 'நகர்'கள் முளைக்கின்றன.

ஒரு நகர் எப்படிப் பிறக்கிறது? ஒருவரிடம் நாலு ஏக்கர் புஞ்சை இருக்கிறது. ரியல் எஸ்டேட்காரர் வாங்குகிறார். எத்தனை பிளாட் தேறும் என்று முதலில் பார்க்கிறார். நடுவில் 30 அடி ரோடு, கிளைக்கு 23 அடி ரோடு. ரோடு அவருடைய எல்லைக்கல் வரை போய் நின்றுவிடும். பக்கத்துப் புஞ்சை அடுத்த ஆண்டு விலைக்குப் போகும். அதை வாங்குகிறவர் தன் ரோட்டைத் தன் வசதிக்குப் போடுவார். இரண்டும் சந்திக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. சந்தித்தால் ஒரு பிளாட் போய்விடுமே! மனை முதலில், மிச்சம் விழுந்தது தெரு. வரிசை தலைகீழாகிவிட்டது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1971-ல் வந்த தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் ஊருக்கு முழுமைத் திட்டம் போட இடமிருக்கிறது. லே-அவுட்டுக்கு ஒப்புதல் வாங்கி, ரோட்டையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். நடைமுறையில் பல வருஷம் ஓடியது 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்ற மந்திரம். கடைசியில் 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று தடை போட்டது. பத்திர ஆபீஸ்கள் காற்று வாங்கின. 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. கட்டணம் கட்டியவர்களுக்குக் காகிதம் வந்துவிட்டது. காகிதம் வந்ததற்காகச் சுவர் நகர்ந்துவிடுமா என்ன?

வீட்டை மாற்றலாம், இடித்துக் கட்டலாம், மாடி போடலாம். தெரு அப்படி இல்லை. 1666-ல் லண்டன் தீயில் வெந்து சாம்பலானது. சில நாட்களிலேயே கிறிஸ்டோபர் ரென் அகலமான, நேரான தெருக்களோடு புது லண்டனை வரைந்து ராஜாவிடம் நீட்டினார். நடந்ததா? அவரவர் மனை அவரவருக்கு வேண்டும் என்றார்கள். சில தெருக்கள் அகலமானதோடு சரி, சாம்பலுக்கு மேலே ஏறக்குறைய பழைய தெருக்களே திரும்ப வந்தன. ஒரு ஊரே எரிந்தும் தெரு மாறவில்லை என்றால், நம் நகர்களில் இன்றைக்கு எல்லைக்கல்லில் நிற்கும் தெரு எத்தனை தலைமுறைக்கு அங்கேயே நிற்கும்?

அதனால் மனை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டா, வில்லங்கம், வாஸ்து எல்லாம் பாருங்கள். கூடவே மனைக்கு முன்னால் இருக்கும் தெருவின் கடைசி வரைக்கும் ஒரு நடை நடந்து பாருங்கள். புலப்படத்தை வாங்கி, பக்கத்து சர்வே நம்பரில் வண்டிப்பாதை, வாய்க்கால் ஏதாவது காட்டியிருக்கிறதா, அது இன்னும் தரையில் இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் முகம் கொஞ்சம் சுருங்கும். கேளுங்கள்.

என் நண்பர் வீட்டுக்கு மறுபடி போயிருந்தேன். பிள்ளையாருக்குப் பக்கத்தில் சுவரில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓட்டை. யார் போட்டார்கள் என்று இரண்டு நகரிலும் ஒருவரும் சொல்லவில்லை. சாயங்காலம் ட்யூஷன் பிள்ளைகள் வரிசையாக அதில் நுழைந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஆட்டோவை இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நானும் குனிந்து போனேன்.